கேள்வி – பதில்: ராணி எந்தக் கூட்டில்?

வீட்டுக்குப் பின்னால் ரம்புத்தான் மரத்தில் கெரெங்கா (இலைகளைப் பின்னிக் கூடு கட்டும் முசுறு எறும்பு) கூடு. வெட்டி எரித்தாலும் மறுபடி கட்டிவிடுகிறது. ராணியைக் கொன்றால் போதுமாமே? – வாசகி, சுங்கை சிப்புட்

போதும்தான். ஆனால் ராணி உங்கள் மரத்தில் இருந்தால்தானே! ஒரே குடும்பம் அடுத்தடுத்த பல மரங்களில் கூடு கட்டியிருக்கும். முட்டையிடும் ராணி பெரும்பாலும் ஒருத்திதான். அவள் அதில் ஏதோ ஒரு கூட்டில். பச்சையும் பழுப்புமாக, 2 செ.மீ.க்குக் குறையாமல் இருப்பாள்.

உங்களைக் கடிப்பவை பெரிய வேலைக்காரிகள், 8 முதல் 10 மி.மீ. இரை தேடுவதும் காவலும் இவர்கள் பொறுப்பு. ஏறக்குறைய பாதி அளவுள்ள சின்ன வேலைக்காரிகள் உள்ளேயே இருந்து முட்டை, புழுக்களைக் கவனிப்பார்கள். கூடு கட்டும்போது சிலர் இலைகளை இழுத்துப் பிடிக்க, சிலர் வளர்ந்த புழுவை வாயில் கவ்வி ஓரத்துக்கு ஓரம் நகர்த்துவார்கள். புழு விடும் பட்டு நூல்தான் பசை. அத்தனை நூலும் கூட்டுக்கே போய்விடுவதால் இந்தப் புழு தனக்கென்று கூண்டு கட்டுவதே இல்லை. பக்கத்து மரத்திலிருந்து ஆளும் புழுவும் வந்தால் புதுக்கூடு தயார்.

ராணி செத்தாலும் உடனே ஓயாது. வேலைக்காரிகளே முட்டையிடுவார்கள், கருவுறாத அவற்றிலிருந்து ஆண்கள்தான் வரும். ஆண் எறும்பு வேலை செய்யாது. இருப்பவர்கள் செத்துத் தீரும்வரை கடி உண்டு.

ஆகவே முதலில் பக்கத்து மரத்தைத் தொடும் கிளைகளை வெட்டுங்கள். பிறகு தடித்த பிளாஸ்டிக் பையைக் கூட்டின்மேல் கவிழ்த்து, வாயை இறுகக் கட்டி, கிளையோடு நறுக்குங்கள். கையில் சாம்பல் பூசினால் ஏறுவது குறையும். செம்பனைப் பக்கம் இருப்பதை விட்டுவிடலாம், பைபோன்ற கூட்டுக்குள் இருந்தபடி மட்டையைத் தின்னும் புழுவைக் கெரெங்கா பிடிக்கும். ரம்புத்தானில் மாவுப்பூச்சியை வளர்த்துவிடும் என்பதால் அங்கே அகற்றுவதே சரி.

சீனி டப்பாவில் பொடி மஞ்சள் எறும்பு. மருந்தடித்த பிறகு மூன்று அறைகளில் வந்துவிட்டது. ஏன்?

மருந்தடித்ததால்தான். 2 மி.மீ. அளவுள்ள இந்த ஃபாரோ எறும்புக் கூட்டில் ராணிகள் பலர். கலைத்தால் வேலைக்காரிகள் புழுக்களைத் தூக்கிக்கொண்டு பிரிந்து போய்ப் புதுக்கூடு போடுவார்கள்.

200 மி.லி. வெந்நீரில் 20 கிராம் சீனி, 2 கிராம் போரிக் ஆசிட் கரைத்து, பஞ்சில் நனைத்து, எறும்பு போகும் வழியில் மூடியில் வையுங்கள். மருந்தைக் கூட்டினால் எறும்பு வழியிலேயே செத்துவிடும், ராணிக்குப் போய்ச் சேராது. பஞ்சு காயுமுன் மாற்றுங்கள். சில வாரம் பிடிக்கும். சீனியைச் சீண்டாவிட்டால் கடலை வெண்ணெயில் கலந்து பாருங்கள். அந்த நாட்களில் ஸ்பிரே கூடவே கூடாது. குழந்தைகள், பூனைக்கு எட்டாமல் வையுங்கள்.

மழைக்குப் பின் விளக்கடியில் விழுவது எறும்பா, ஈசலா?

இடுப்பு ஒடுங்கி, உணர்கொம்பு முழங்கைபோல் மடங்கி, முன்சிறகு நீண்டிருந்தால் எறும்பு. கலந்ததும் ஆண் சில நாளில் சாகும். ராணி அந்த விந்தைச் சேமித்து ஆயுள் முழுக்க முட்டையிடுவாள். கருவுற்றது பெண், கருவுறாதது ஆண். ஆண் எறும்புக்குத் தாத்தா உண்டு, அப்பா கிடையாது!

இடுப்பு தெரியாமல், நான்கு சிறகும் ஒரே அளவென்றால் கரையான். கதவு நிலையைத் தட்டிப் பாருங்கள்.