தொலைவிலிருந்து கணினியை இயக்குவது எப்படி?

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பன் புறநகரான சாட்ஸ்வர்த்தில் உள்ள வீட்டிலிருந்தே டர்பன் நகர அலுவலகக் கணினியை இயக்கலாம் என்கிறார்களே, அது எப்படி?

நீங்கள் இங்கே தட்டும் விசையும் மவுஸ் அசைவும் இணையம் வழியே அங்கே போகின்றன. அங்குள்ள திரையின் படம் இங்கே வருகிறது. வேலை நடப்பது அங்கேதான். வீடியோ அழைப்பில் பாட்டி "இப்போ புளியை ஊற்று" என்று சொல்லிச் சமைக்க வைப்பதுபோல: அடுப்பும் சட்டியும் அந்த வீட்டில், பாட்டியின் கண்ணும் வாயும் மட்டும் இங்கே.

விண்டோஸில் இதற்கு ரிமோட் டெஸ்க்டாப் என்ற வசதி (போர்ட் 3389, அதாவது இணைப்பு நுழையும் கதவு எண்) உண்டு. ஆனால் விண்டோஸின் ஹோம் பதிப்பு ஓடும் கணினிக்குள் இப்படி நுழைய முடியாது. அலுவலகக் கணினியில் ப்ரோ போன்ற பதிப்பு வேண்டும். லினக்ஸ் சர்வர் என்றால் எஸ்எஸ்எச் (போர்ட் 22), கட்டளைகளைத் தட்டி இயக்கும் பாதுகாப்பான வழி. வெறும் எழுத்துகளே போய்வருவதால் டேட்டா மிகக் குறைவு.

பெரும்பாலும் காலை வாருவது மின்சாரம்தான். மின்வெட்டு முடிந்து கரண்ட் வந்தாலும் பல கணினிகள் தானாக எழாது. பயாஸில் (கணினி எழும்போதே திறக்கக்கூடிய அடிப்படை அமைப்புத் திரை) 'மின்சாரம் திரும்பியதும் இயங்கு' என்ற அமைப்பை ஆன் செய்யுங்கள். கணினி தானாகத் தூங்கிப்போகும் ஸ்லீப் அமைப்பை அணைத்துவிடுங்கள். இணையம் தரும் ரூட்டருக்கும் ஒரு சின்ன யுபிஎஸ் (மின்வெட்டில் மின்சாரம் தரும் பேட்டரிப் பெட்டி) வையுங்கள். ரூட்டர் அணைந்தால் கணினி விழித்திருந்தும் பயனில்லை.

ரூட்டரில் 3389-ஐ நேரடியாகத் திறந்து வைக்காதீர்கள். கடவுச்சொல்லை ஊகிக்கும் தானியங்கி நிரல்கள் ஓயாமல் கதவைத் தட்டும். விபிஎன் (மறைகுறியாக்கிய தனிப்பாதை) வழியே போங்கள்.

ரிமோட் டெஸ்க்டாப் ஜன்னலை மூடினால் அங்கே கணினியும் அணைந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அறுபடுவது இணைப்பு மட்டுமே, திறந்த ஃபைல் அங்கே திறந்தபடியே கிடக்கும்.