மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் இவ்வளவு துல்லியமாகிவிட்ட பிறகும் குரோமடோகிராபி எதற்கு?

கேட்டிருப்பவர் எம்.எஸ்சி. வேதியியல் மாணவர். மூலக்கூறின் நிறையை நான்கு தசம இடம் வரை சொல்லும் கருவி வந்துவிட்டதே, இன்னமும் மாதிரியைக் குழாய்க்குள் ஓட்டிப் பத்து நிமிடம் பிரித்துக்கொண்டிருப்பது ஏன் என்பது அவர் சந்தேகம். நியாயமான சந்தேகம்தான். மருந்துகளில் அசுத்தம் தேடும் ஆய்வகத்தில் இந்த இரண்டு கருவிகளோடுதான் என் வேலை. நிறையை மட்டும் நம்பினால் ஆள் மாறாட்டம் நடக்கும் என்பதே என் பதில். 2020-இல் மெட்ஃபார்மின் விஷயத்தில் அப்படித்தான் ஆனது. பல வீடுகளில் தினமும் விழுங்கும் சர்க்கரை மாத்திரை என்பதால் அதையே விரிவாகச் சொல்கிறேன்.

என்டிஎம்ஏ என்பது நைட்ரோசமைன் வகையைச் சேர்ந்த பொருள். மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று கருதப்படுவது. 2018-இல் வால்சார்டன் என்ற ரத்த அழுத்த மாத்திரையில் அது இருப்பது தெரிந்ததும் உலகம் முழுக்க மருந்துகளைத் திரும்பப் பெற்றார்கள். அதன் பிறகு எல்லா மருந்திலும் தேட ஆரம்பித்தோம். ஒரு நாளைக்கு 96 நானோகிராம் வரை ஏற்கலாம் என்பது அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ வைத்த வரம்பு. ஒருவர் தினம் 2 கிராம் மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார் என்றால், மருந்தில் சுமார் இரண்டு கோடியில் ஒரு பங்குக்கு மேல் என்டிஎம்ஏ இருக்கக் கூடாது. அந்த அளவைத்தான் நாங்கள் அளக்க வேண்டும்.

2020 மார்ச்சில் அமெரிக்காவின் தனியார் ஆய்வகம் ஒன்று, 38 மெட்ஃபார்மின் மாதிரிகளில் 16 வரம்பைத் தாண்டியிருப்பதாக எஃப்டிஏவிடம் மனு கொடுத்தது. எஃப்டிஏ விஞ்ஞானிகள் அதே 38 மாதிரிகளையும் வாங்கிச் சோதித்தார்கள். வரம்பைத் தாண்டியவை 8 மட்டுமே. மற்றவற்றில் அளவு கூடித் தெரிந்ததற்கு அவர்கள் காட்டிய காரணம் டிஎம்எஃப் என்ற கரைப்பான்.

இந்த இடத்தில் ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். மாஸ் ஸ்பெக் பார்ப்பது மின்னூட்டம் பெற்ற மூலக்கூறை, அதாவது அயனியை. புரோட்டான் ஏறிய என்டிஎம்ஏ அயனியின் நிறை 75.0553. டிஎம்எஃப் அயனியின் நிறை 74.0600. ஒரு முழு எண் தள்ளி இருக்கிறதே, எப்படிக் குழம்பும் என்று தோன்றும். ஆனால் இயற்கையில் உள்ள நைட்ரஜன் அணுக்களில் சுமார் 0.37 சதவீதம், நிறை ஒன்று கூடுதலான நைட்ரஜன்-15. அந்த அணு உட்கார்ந்த டிஎம்எஃப் அயனியின் நிறை 75.0571. இரண்டுக்கும் வித்தியாசம் 0.0018! கார்பன்-13 உட்கார்ந்தது 75.0634-இல் வரும்; அதை ஒதுக்குவது கொஞ்சம் சுலபம். நைட்ரஜன்-15 ஆசாமியை ஒதுக்கத்தான் 40,000-க்கு மேல் ரெசல்யூஷன், அதாவது நெருங்கிய நிறைகளைப் பிரித்துக் காட்டும் திறன், வேண்டும். முழு எண்ணை மட்டும் பார்க்கும் குவாட்ருபோல் என்ற சாதாரண வகை மாஸ் ஸ்பெக்குக்கு எல்லாமே 75தான்.

0.37 சதவீதம் என்ன பெரிய அளவா என்று கேட்கலாம். மருந்தில் மிச்சமிருக்கும் கரைப்பானாக டிஎம்எஃப் ஒரு நாளைக்கு 8.8 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்று சர்வதேச வழிகாட்டுதல் அனுமதிக்கிறது. அதில் நூறில் ஒரு பங்கு, அதாவது 88 மைக்ரோகிராம் மட்டும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதற்குள் நைட்ரஜன்-15 உள்ள டிஎம்எஃப் சுமார் 325 நானோகிராம். இரண்டும் ஒரே மாதிரி அயனியாகும் என்று எடுத்துக்கொண்டால், என்டிஎம்ஏ துளிகூட இல்லாத மாத்திரையும் வரம்பைப் போல மூன்று மடங்கு காட்டும். மருந்து தயாரித்தவர் எந்த விதியையும் மீறியிருக்கமாட்டார்.

தப்பிக்க இரண்டு வழி உண்டு. ரெசல்யூஷனை ஏற்றி, நிறையை ஏற்கும் ஜன்னலைக் குறுக்கலாம். அல்லது இரண்டையும் குழாயிலேயே பிரித்து, வெவ்வேறு நேரத்தில் வெளியே வர வைக்கலாம். நான் இரண்டையும் செய்வேன். பிரிப்பதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. மெட்ஃபார்மின் கோடிக்கணக்கில் வந்து அயனியாகும் இடத்தை அடைத்துக்கொண்டால், பாவம், என்டிஎம்ஏவின் சிக்னல் அமுங்கிப்போகும். மருந்து வெளிவரும் சில நிமிடங்களுக்கு வால்வைத் திருப்பிக் கழிவுக்கு அனுப்பிவிட்டு, என்டிஎம்ஏ வரும் நேரத்தில் மட்டும் மாஸ் ஸ்பெக்குக்குத் திறப்போம். இரண்டும் ஒன்றாக வந்தால் இந்த வித்தையே நடக்காது.

மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்கள் இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்த வேண்டாம். வரம்பைத் தாண்டிய சில தயாரிப்புகளை அமெரிக்காவில் அந்த ஆண்டே திரும்பப் பெற்றார்கள். மருந்து மருந்தாகவே தொடர்கிறது.

பிரிக்கும் முறையும் தவறானதாக அமைந்துவிடலாம். 2019-இல், வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ரானிட்டிடின் மாத்திரை ஒன்றில் லட்சக்கணக்கான நானோகிராம் என்டிஎம்ஏ இருப்பதாகச் செய்தி வந்தது. சோதித்தது, மாதிரியை வாயுவாக்கிப் பிரிக்கும் கேஸ் குரோமடோகிராபியில், 130 டிகிரிக்குச் சூடாக்கி. ரானிட்டிடின் மூலக்கூறிலேயே என்டிஎம்ஏ உருவாகத் தேவையான நைட்ரோ தொகுதியும் டைமெத்தில்அமைனும் இருக்கின்றன. அந்தச் சூட்டில் சோதனைக் கருவிக்குள்ளேயே என்டிஎம்ஏ உருவாகிவிடும். சூடு தேவைப்படாத, திரவத்திலேயே பிரித்து (எல்சி) மாஸ் ஸ்பெக்கில் (எம்எஸ்) பார்க்கும் எல்சி-எம்எஸ் முறைக்கு மாறும்படி எஃப்டிஏ சொன்னது. அளவு வெகுவாக இறங்கியது. ஆனாலும் மிச்சமிருந்தது பொய்யில்லை: சேமித்து வைக்கும்போது, அதுவும் வெப்பமான இடத்தில், அது கூடிக்கொண்டே போனது. 2020 ஏப்ரலில் அமெரிக்காவில் ரானிட்டிடினை முழுவதுமாக விலக்கச் சொன்னார்கள். நம் நாட்டின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்து 2022-இல் அது எடுக்கப்பட்டது. முறை சரியாக இருந்திருந்தால் முதல் நாளே இந்த நிஜமான சிக்கலைப் பற்றிப் பேசியிருக்கலாம் என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் உண்டு.

எல்சியையும் மாஸ் ஸ்பெக்கையும் இணைத்ததே பெரிய சாதனை. ஒரு மில்லிலிட்டர் தண்ணீர் ஆவியானால் ஒரு லிட்டருக்கு மேல் வாயு. அதை மாஸ் ஸ்பெக்கின் வெற்றிடத்துக்குள் எப்படி விடுவது? திரவத்தை மின்னழுத்தத்தில் நுண்துளிகளாகத் தெளித்து, வெளியிலேயே உலர்த்தி, அயனிகளை மட்டும் உள்ளே இழுக்கும் எலக்ட்ரோஸ்ப்ரே முறைதான் வழி காட்டியது. அதை வளர்த்தெடுத்த ஜான் ஃபென்னுக்கு 2002-இல் நோபல் பரிசு. 2005-இல் சந்தைக்கு வந்த ஆர்பிட்ராப் என்ற உயர் ரெசல்யூஷன் மாஸ் ஸ்பெக், 0.0018 வித்தியாசத்தைத் தினசரி வேலையாக்கியது. இப்போது அயனிகளை வாயுவுக்குள் ஓடவிட்டு, வடிவத்தை வைத்து மில்லிவினாடிகளில் பிரிக்கும் அயான் மொபிலிட்டி வந்திருக்கிறது. நல்ல நுட்பம்தான், ஆனால் என் வேலையில் குழாயைக் கழற்றிப் போடும் அளவுக்கு அது இன்னும் வரவில்லை.

குழாயே இல்லாமல் நடக்கும் இடங்களும் உண்டு. பிறந்த குழந்தையின் குதிகாலில் எடுத்த ரத்தப் பொட்டைச் சில நிமிடங்களில் நேரடியாக மாஸ் ஸ்பெக்கில் ஓட்டி, பல பிறவி நோய்களைச் சலித்துவிடுகிறார்கள். ஆனால் அதில் பார்க்கும் அமினோ அமிலங்களான லூசினும் ஐசோலூசினும் ஒரே வாய்பாடு, கடைசித் தசமம் வரை ஒரே நிறை. அந்த எண் கூடுதலாகத் தெரிந்தால், உறுதி செய்ய மறுபடி குரோமடோகிராபிக்குத்தான் போக வேண்டும்.

உங்கள் கல்லூரியிலோ பக்கத்து ஆய்வகத்திலோ ரெசல்யூஷனை ஏற்றக்கூடிய எல்சி-எம்எஸ் இருந்தால், மேற்பார்வையாளரிடம் கேட்டு, நீர்த்த டிஎம்எஃப் கரைசலை மட்டும் செலுத்தி 75-இல் பாருங்கள். என்டிஎம்ஏவைத் தொடவே தேவையில்லை. பீக் வரும். அப்புறம் ரெசல்யூஷனை ஏற்றிக்கொண்டே போய், அது எந்த இடத்தில் நைட்ரஜன்-15, கார்பன்-13 என்று இரண்டாகப் பிரிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.