ஜூசர் கால் பணம், பழம் முக்கால் பணம்

கேள்வி: எங்கள் வீட்டில் நான்கு பேர். ஆரஞ்சு, எலுமிச்சை பிழிய மின்சார சிட்ரஸ் ஜூசர் ஒன்று வாங்க நினைக்கிறேன். பார்த்தவற்றில் இரண்டு மனதில் நிற்கின்றன. ஒன்று சாதாரண பிளாஸ்டிக் ஜூசர். இன்னொன்று உலோக உடம்பு, பழைய காலத்து வளைவுகள், வெளிர்பச்சை நிறம். பார்த்ததுமே பிடித்துவிட்டது, ஆனால் விலை ஐந்து மடங்கு. தினமும் டப்பா ஜூஸ் வாங்குவது மிச்சமாகும், பத்து வருடம் உழைக்கும், நாள் கணக்கில் பிரித்தால் ஒன்றுமேயில்லை என்பது என் வாதம். "கையால் பிழிந்தால் ஆகாதா? இது முதலீடா, செலவா என்று யாரிடமாவது கேட்டுச் சொல்" என்கிறார் கணவர். 12 மாத வட்டியில்லாத் தவணையில் தருகிறார்கள். கிரெடிட் கார்டில் கொஞ்சம் பாக்கி இருக்கிறது. இரண்டு மாதத்தில் போனஸ் வரும். வாங்கலாமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உங்கள் கணவரின் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். செலவுதான். வருமானமும் தராது, விற்றால் வாங்கிய விலையும் வராது. இதை முதலீடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதற்காகச் செலவு என்றாலே தப்பு என்று அவர் வெற்றிக்கொடி நாட்ட வேண்டாம். சம்பாதிப்பதே செலவழிக்கத்தான். ஆசைப்பட்டு வாங்கும் பொருளுக்கு 'மிச்சம்' என்று வேஷம் கட்டும்போதுதான் கணக்கு தடுமாறுகிறது. உங்கள் கடிதத்தில் அந்த வேஷம் தெரிகிறது.

பத்து வருடக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். தினமும் பிழிந்தால் பத்து வருடத்தில் 3,650 முறை. விலையை அதால் வகுத்தால் ஒன்றுமேயில்லை என்பது சரிதான். ஆனால் வாரத்துக்கு ஒருமுறைதான் பிழிகிறீர்கள் என்றால் 520 முறை. ஒரு முறைக்கு ஆகும் செலவு ஏழு மடங்காகிவிடும். ஆறாவது வாரமே அலமாரிக்குள் போய்விட்டால் வகுப்பதற்கே எண் கிடைக்காது. எங்கள் வீட்டுப் பரணில் இப்படி ஒரு ஜூசர் உட்கார்ந்திருக்கிறது. எல்லாப் பழத்தையும் அரைத்துப் பிழியும் பெரிய ரகம். வாங்கிய அன்று நானும் உங்களைப் போலவே நாள் கணக்குப் போட்டேன், அதுவும் என் தொழில் இது என்ற தெம்போடு. ஜூஸ் குடிக்க இரண்டு நிமிடம், ஏழு பாகங்களைக் கழற்றிக் கழுவி, வலைக்கண்ணில் சிக்கிய சக்கையைப் பிரஷ் போட்டு எடுக்க இருபது நிமிடம். மூன்று மாதம் தாங்கியது.

இப்போது நீங்கள் கணக்கிலேயே சேர்க்காத ஒன்றுக்கு வருகிறேன். பழம்.

ஒரு கிலோ ஆரஞ்சைப் பிழிந்தால் ஏறக்குறைய 400 முதல் 500 மில்லி சாறு வரும். மீதி தோலும் சக்கையும் விதையும். நான்கு பேருக்குத் தலைக்கு 200 மில்லி என்றால் 800 மில்லி. அதாவது ஒரு நாளைக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல், இரண்டு கிலோ வரை பழம் வேண்டும். இதையே வருடம் முழுக்க நடத்தினால் அரை டன்னைத் தாண்டும். பழம் சுமந்து வருவது யார் என்பதையும் வீட்டில் பேசி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊர்ப் பழ விலையை இந்த எடையால் பெருக்கிப் பாருங்கள். எந்த ஜூசரை வாங்கினாலும் அதன் விலையைப் பழச்செலவு சில மாதங்களிலேயே முந்திவிடும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, அதுதான் இங்கே நடப்பது. 'டப்பா ஜூஸ் மிச்சம்' என்ற வாதமும் இங்கேதான் உடைகிறது. டப்பா ஜூஸ் பெரும்பாலும் மொத்தமாகப் பிழிந்து சுண்டவைத்த சாற்றில் தண்ணீர் சேர்த்துத் தயாராவது. வீட்டில் முழுப்பழம் வாங்கிப் பிழிவது பெரும்பாலும் அதைவிடக் கூடுதலாகத்தான் செலவு வைக்கும். ருசி எத்தனையோ மேல், அதற்காகச் செய்யுங்கள். சிக்கனத்துக்காகச் செய்கிறேன் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

மின்சாரத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும், யாராவது பயமுறுத்துவதற்கு முன் சொல்லிவிடுகிறேன். வீட்டு சிட்ரஸ் ஜூசர்கள் பலவும் 100 வாட்டுக்குள் அடங்குபவை. தினமும் ஐந்து நிமிடம் ஓடினாலும் வருடம் முழுவதற்கும் மூன்று யூனிட்தான். அதை மறந்துவிடலாம்.

சரி, ஐந்து மடங்கு விலைக்கு என்னதான் கிடைக்கிறது? அந்த விலையை மனதுக்குள் உடைத்துப் பார்க்க வேண்டும். ஐந்து பங்கில் ஒரு பங்கு, பழத்தைப் பிழிவதற்கு. அதைப் பிளாஸ்டிக் ஜூசரும் செய்யும். ஒரு பங்கோ ஒன்றரைப் பங்கோ உழைப்புக்கும் வசதிக்கும். மீதி முழுக்க அழகுக்கு. இது என் குத்துமதிப்புதான், இயந்திரத்துக்கு இயந்திரம் மாறும்.

இதில் அந்த நடுப்பங்கு உண்மையிலேயே இருக்கிறதா என்று கடையில் நின்று சோதித்துவிடலாம். பழத்தைக் குத்தி நிற்கும் கூம்பு எந்தப் பொருளால் ஆனது என்று கேளுங்கள். எலுமிச்சைச் சாற்றில் நூற்றுக்கு ஐந்தாறு பங்கு சிட்ரிக் அமிலம்தான். துருப்பிடிக்காத எஃகோ நல்ல பிளாஸ்டிக்கோ அதைத் தாங்கும். மேல்பூச்சு இல்லாத அலுமினியம் கறுக்கும், முலாம் பூசியது நாளடைவில் உரியும். கூம்பை உள்ளங்கையால் நன்றாக அழுத்திப் பாருங்கள். மோட்டார் திணறி நின்றால் அது பொம்மை. உடம்பு கனமாக இருந்து, அடியில் ரப்பர் பிடிப்பும் இருந்தால் ஒரு கையாலேயே பிழியலாம். பிளாஸ்டிக் ரகத்தில் பல, மேடையில் வழுக்கிக்கொண்டு ஓடும். இன்னொரு கையால் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும். சாறு வடியும் மூக்கை மேலே தூக்கினால் சொட்டு நிற்கிறதா, உங்கள் வீட்டுத் தம்ளர் அதன் கீழே நுழைகிறதா என்பதும் முக்கியம். எலுமிச்சைக்கும் ஆரஞ்சுக்கும் ஒரே கூம்பு சரியாக உட்காருகிறதா என்று பாருங்கள். கழுவ வேண்டிய பாகங்கள் மூன்றோ நான்கோ இருந்தால் போதும். என் பரண் கதையை மறக்காதீர்கள். பத்து வருடம் உழைக்கும் என்கிறீர்களே, நான்காம் வருடம் வடிகட்டி உடைந்தால் அது மட்டும் தனியாகக் கிடைக்குமா? கிடைக்காது என்றால் உங்கள் பத்து வருடம் நான்கு வருடம்தான். நீட்டித்த வாரண்டிக்குத் தனியாகப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். உடையக்கூடிய பிளாஸ்டிக் பாகங்கள் பெரும்பாலும் அதில் அடங்காது.

மீதியுள்ள அழகுப் பங்குக்கு நான் எதிரியில்லை. இத்தாலியின் அலெஸ்ஸி நிறுவனம் 1990-இல் ஃபிலிப் ஸ்டார்க் வடிவமைத்த எலுமிச்சை பிழிவான் ஒன்றை வெளியிட்டது. ஜூசி சாலிஃப் என்று பெயர். மூன்று நீளக் கால்களில் நிற்கும் சிலந்தி மாதிரி இருக்கும். மோட்டார் இல்லை, வடிகட்டி இல்லை, விதையெல்லாம் தம்ளரில் விழும். ஆனாலும் உலகம் முழுக்க விற்றது, அருங்காட்சியகத்தில்கூட வைத்திருக்கிறார்கள். அதன் பத்தாம் ஆண்டுக்குத் தங்கமுலாம் பூசிய பதிப்பு ஒன்றும் வந்தது. அதில் எலுமிச்சை பிழியக்கூடாது, அமிலம் முலாமைக் கெடுத்துவிடும்! வாங்கியவர்கள் ஏமாறவில்லை, சிலை வாங்குகிறோம் என்று தெரிந்தே வாங்கினார்கள். நீங்களும் அந்த மீதிப் பங்கை வீட்டு அலங்காரக் கணக்கில் எழுதிவிடுங்கள். ஒரு படமோ பூச்சாடியோ வாங்கும் பணத்திலிருந்து அது வரட்டும். அந்தக் கணக்கில் பணம் இருந்தால் வாங்க முழு உரிமை உண்டு. இன்னொன்றும் உண்டு: அழகான பொருளை அலமாரியில் பூட்ட மாட்டீர்கள். மேடையிலேயே கண்ணில் படும்படி நின்றால் அதைப் பயன்படுத்தும் வாய்ப்பும் கூடும். அழகுக்கு இருக்கும் ஒரே பொருளாதார நியாயம் இதுதான் என்று நினைக்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. இந்த மாதிரி இயந்திரங்கள் தனியாக வருவதில்லை. அதே பச்சையில் டோஸ்டர், கெட்டில், மிக்சி என்று ஒரு குடும்பமே இருக்கும். பிரெஞ்சுத் தத்துவஞானி டிடரோவுக்கு 18-ஆம் நூற்றாண்டில் அருமையான அங்கி ஒன்று பரிசாக வந்தது. அதற்குப் பக்கத்தில் பழைய நாற்காலி அசிங்கமாகத் தெரிந்தது, பிறகு மேசை, பிறகு சுவரில் தொங்கியவை. ஒவ்வொன்றாக மாற்ற வேண்டிவந்ததாகப் புலம்பி எழுதினார். 1988-இல் கிராண்ட் மெக்ராக்கன் என்ற மானுடவியலாளர் இதற்கு டிடரோ விளைவு என்றே பெயர் வைத்தார். உங்கள் வீட்டுக் கெட்டில் இப்போது என்ன நிறம் என்று நான் கேட்கவில்லை.

கையால் பிழிந்தால் ஆகாதா என்ற கணவரின் வாதத்துக்கு வலுவான சாட்சி ஒன்று உண்டு. 2016-இல் அமெரிக்காவில் ஜூசெரோ என்ற நிறுவனம் வைஃபையில் இணையும் ஜூஸ் இயந்திரம் ஒன்றைக் கொண்டுவந்தது. முதலீட்டாளர்களிடம் சுமார் 12 கோடி டாலர் திரட்டியிருந்தார்கள். நறுக்கிய பழமும் காய்கறியும் அடைத்த பைகளை அவர்களிடமே வாங்கி அந்த இயந்திரத்தில் வைத்துப் பிழிய வேண்டும். 2017 ஏப்ரலில் புளூம்பெர்க் செய்தியாளர்கள் அந்தப் பையைக் கையாலேயே பிழிந்து பார்த்தார்கள். கிட்டத்தட்ட அதே அளவு சாறு வந்தது. செப்டம்பரில் நிறுவனம் மூடப்பட்டது. ஆனால் உங்கள் விஷயம் அப்படியல்ல. நாலு எலுமிச்சைக்குக் கை போதும். நான்கு பேருக்கு ஒரு டஜன் ஆரஞ்சு என்றால் மணிக்கட்டு கெஞ்சும். அதனால் கணவர் சொல்வது பாதி சரி.

அந்தப் பாதியைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். போனஸ் வர இரண்டு மாதம் இருக்கிறதே, அதுவரை ஒரு சின்னக் கைப்பிழிவான் வாங்கிப் பிழியுங்கள். எத்தனை நாள் பிழிந்தீர்கள், எவ்வளவு பழம் வாங்கினீர்கள் என்று நாட்காட்டியில் குறித்துவாருங்கள். தினமும் ஒரு தம்ளர் என்ற திட்டத்தையும் அப்போது யோசித்துப் பாருங்கள். பழச்சாற்றில் உள்ள சர்க்கரையையும் குறைக்க வேண்டிய சர்க்கரைக் கணக்கில்தான் உலக சுகாதார நிறுவனத்தின் 2015 வழிகாட்டுதல் சேர்க்கிறது. வாரத்துக்கு இரண்டு நாள் என்று முடிவானால் பழச்செலவும் பாதிக்குக் கீழே இறங்கிவிடும்.

தவணை வேண்டவே வேண்டாம். வட்டியில்லை என்பார்கள், செயல்பாட்டுக் கட்டணம் என்று ஒன்று இருக்கும், அல்லது ரொக்கமாகக் கொடுப்பவருக்குக் கிடைக்கும் தள்ளுபடி உங்களுக்குக் கிடைக்காது. அதைவிடப் பெரிது கார்டு பாக்கி. பாக்கி நிற்கும் கார்டில் புதிதாக எதைத் தேய்த்தாலும், பல கார்டுகளில் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கும். மாதம் 3 சதவீதம் என்று சின்னதாகத் தெரிவது, வட்டிக்கு வட்டி சேர்ந்து வருடத்துக்கு 42 சதவீதத்தைத் தாண்டும். எந்த ஜூசரின் மிச்சமும் அதற்கு ஈடாகாது. போனஸ் வந்ததும் முதலில் அந்தப் பாக்கியை முழுதாக அடையுங்கள், குறைந்தபட்சத் தொகையை அல்ல.

அடைத்த பிறகும் கையில் மீதி இருந்து, நாட்காட்டியில் வாரத்துக்கு இரண்டு மூன்று கோடுகளாவது விழுந்திருந்தால், அந்த வெளிர்பச்சையையே வாங்குங்கள். ரொக்கவிலை என்ன என்று கேட்டு, மொத்தமாகக் கொடுத்து. கோடுகள் குறைவாக இருந்தால் கைப்பிழிவானே போதும். எப்போதாவது விருந்தாளிகள் வருகிறார்கள் என்றால் பிளாஸ்டிக் ஜூசர். எதை வாங்கினாலும் கணவரையும் கடைக்கு அழைத்துப் போங்கள். கூம்பை அழுத்திப் பார்க்கும் சோதனையை அவரையே செய்யச் சொல்லுங்கள்.