ப்ளே டோ மாவைக் குழந்தை தின்றுவிட்டால்?

கேள்வி: என் மகளுக்கு இரண்டரை வயது. மைதா, உப்பு, எண்ணெய், கேசரி கலர் போட்டு வீட்டிலேயே ப்ளே டோ செய்துகொடுத்தேன். அதை உருட்டி, 'ஆற்காட்டு மக்கன் பேடா' என்று சொல்லி ஒரு கடி கடித்துவிட்டாள். தண்ணீராகக் கேட்டுக் குடித்தாள், ஒருமுறை வாந்தி. இப்போது நன்றாக இருக்கிறாள். 'பாலாத்து மண்ணுல விளையாண்டு வளர்ந்தவங்கதானே நாம, இந்தக் கருமம் எதுக்கு' என்கிறார் மாமியார். இனிமேல் கொடுக்கலாமா?
- வாசகி, ஆம்பூர்

பதில்: பயப்பட வேண்டாம். ஒரு கடியோடு நின்றது நல்லது. தாகத்துக்கும் வாந்திக்கும் காரணம் மைதா அல்ல, உப்பு. பொதுவாக இரண்டு டம்ளர் மைதாவுக்கு ஒரு டம்ளர் உப்பு போடுவார்கள். பிசைந்து முடித்த மாவில் கால் பங்குக்குக் குறையாமல் உப்புதான். ஓர் எலுமிச்சை அளவு உருண்டையில் கிட்டத்தட்ட இரண்டு டீஸ்பூன் உப்பு இருக்கும். பெரியவர்களுக்கே அது அதிகம். உங்கள் மகளின் எடைக்கு ஆபத்து. உப்பிலுள்ள சோடியம் ரத்தத்தில் ஏறினால் அடங்காத தாகம், தொடர் வாந்தி, எரிச்சலான அழுகை, பிறகு மந்தம், வலிப்பு வரை போகலாம்.

கடலை அளவு தின்றால் வாயைத் துடைத்து, தண்ணீரைச் சிறிது சிறிதாகக் கொடுங்கள், போதும். பெரிய உருண்டையை விழுங்கியிருந்தாலோ, மேற்சொன்ன அறிகுறி எது தெரிந்தாலோ காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள், அல்லது 108-ஐ அழையுங்கள். வாந்தி எடுக்க வைக்கிறேன் என்று உப்புத் தண்ணீர் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். ஏறிய உப்போடு இன்னும் உப்பைச் சேர்த்த கதையாகிவிடும்.

கையில் கிடைப்பதையெல்லாம் வாயில் வைக்கும் பழக்கம் போகும்வரை, அதாவது மூன்று வயதுக்கு மேல் ஆகும்வரை, உப்பு மாவு வேண்டாம். உப்பில்லாத சப்பாத்தி மாவு போதும். பீட்ரூட் சாறு விட்டுப் பிசையுங்கள். ஆனால் பச்சை மாவிலும் கிருமி இருக்கலாம். தின்ன விடாமல் பக்கத்திலேயே உட்காருங்கள், விளையாடி முடித்ததும் கை கழுவி விடுங்கள். நம்மூர் வெயிலுக்கு உப்பில்லா மாவு தாங்காது, அன்றைக்கே எறிந்துவிடுங்கள். கோதுமை ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு அரிசி மாவுதான். பேடா, முறுக்கு என்று தின்பண்டமாக உருட்டிக் காட்டாமல் பாம்பு, பிள்ளையார் என்று உருட்டுங்கள். வாசனைக்கு எசென்ஸும் வேண்டாம். உருட்டுவதும் கிள்ளுவதும் பிஞ்சு விரல்களுக்கு நல்ல பயிற்சி, பின்னால் பென்சில் பிடிக்க உதவும். அதனால்தான் அடியோடு நிறுத்தச் சொல்லவில்லை.

இணையத்தில் 'ஸ்லைம்' என்ற கொழகொழ விளையாட்டுப் பசை செய்ய நாட்டு மருந்துக் கடை வெங்காரம் (போராக்ஸ்) போடச் சொல்கிறார்கள். அது உடம்புக்குள் போனால் நஞ்சு. வீட்டுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள்.

மாமியாரிடம் சொல்லுங்கள்: மண் விளையாட்டில் தப்பில்லை, மண்தான் மாறிவிட்டது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் தோல் தொழிற்சாலைக் கழிவு பல ஆண்டுகளாகப் பாலாற்றில் கலந்திருக்கிறது. அதில் குரோமியம் என்ற உலோக நச்சு உண்டு. ஆற்றோர மண் வேண்டாம்.

ஒன்று கவனியுங்கள். மாவு மட்டுமல்லாமல் மண், சாக்பீஸ், பல்பம், சுவர்ச் சுண்ணாம்பு என்று தேடித் தேடித் தின்கிறாளா? அப்படியென்றால் இரும்புச்சத்துக் குறைவு இருக்கலாம். குழந்தை மருத்துவரிடம் காட்டி ஹீமோகுளோபின் பாருங்கள். குடற்பூச்சி மருந்து கடைசியாக எப்போது கொடுத்தீர்கள் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.