ஹெபடைட்டிஸ் பி: ஆர்.என்.ஏ. ஊசியை நம்பி மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 41. ஆறு வருடமாக ஹெபடைட்டிஸ் பி-க்கு டெனோஃபோவிர் மாத்திரை சாப்பிடுகிறார். ரத்தத்தில் வைரஸ் இல்லை என்று ரிப்போர்ட் வருகிறது. ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி. (வைரஸின் உறைப் புரதம்) மட்டும் பாசிட்டிவாகவே இருக்கிறது. ஆர்.என்.ஏ. ஊசியில் அதுவும் போய்விடுமாமே? அதுவரை மாத்திரையை நிறுத்தி வைக்கலாமா?

பதில்: நிறுத்தாதீர்கள். டெனோஃபோவிரைத் திடீரென விட்டால், அடங்கிக் கிடக்கும் வைரஸ் கிளம்பி ஈரல் அழற்சி கடுமையாகலாம். சிலருக்கு ஈரலே செயலிழந்துவிடும்.

சரி, வைரஸ் தெரியாதபோது ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி. எங்கிருந்து வருகிறது? ஈரல் செல்லின் உட்கருவில் இந்த வைரஸ் வட்ட டி.என்.ஏ.வாகக் குடியேறிவிடுகிறது. அதன் துண்டுகள் சில நம் குரோமோசோமிலும் ஒட்டிக்கொள்கின்றன. இரண்டிலிருந்தும் ஆர்.என்.ஏ. நகல்கள் வந்துகொண்டே இருக்க, அவற்றைப் பார்த்து செல் அந்தப் புரதத்தைத் தயாரிக்கிறது. மாத்திரை தடுப்பது, ஆர்.என்.ஏ.விலிருந்து புது வைரஸ் டி.என்.ஏ. உருவாவதை மட்டும்தான்.

ஊசி கைவைப்பது அந்த நகல்களில். இருபது சொச்சம் மரபு எழுத்து நீளமுள்ள குட்டி ஆர்.என்.ஏ.வில், ஈரல் செல் விரும்பி இழுத்துக்கொள்ளும் ஒரு சர்க்கரையைக் கோத்துத் தோலுக்கடியில் போடுகிறார்கள். உள்ளே போனதும் ஆர்கோனாட் என்ற புரதம் அதன் ஓர் இழையைப் பிடித்துக்கொண்டு, அதற்குப் பொருந்தும் வைரஸ் நகலைத் தேடி வெட்டுகிறது. வைரஸின் கஞ்சத்தனம் இங்கே நமக்கு லாபம். மொத்தமே சுமார் 3,200 எழுத்துதான். மரபணுக்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன, வட்ட டி.என்.ஏ.விலிருந்து வரும் நகல்கள் எல்லாம் ஒரே வாலில் முடிகின்றன. வால் பக்கம் குறிவைத்தால் ஒரே ஊசி அந்த நகல்கள் எல்லாவற்றையும் வெட்டும்.

வட்ட டி.என்.ஏ.வை மட்டும் அது தொடாது. அதனால்தான் ஊசி தனியாகப் பெரிதாகச் சாதிப்பதில்லை. ஸால்நெசிரான் என்ற ஊசியின் ஆய்வு 2024இல் வெளியானது. அதில் எல்லோரும் மாத்திரையும் சாப்பிட்டார்கள். 48 வாரச் சிகிச்சை முடிந்து 24 வாரம் கழித்துப் பார்த்தபோது, ஊசி மட்டும் கூடுதலாகப் போட்டவர்களில் 3 முதல் 7 சதவீதம் பேருக்கே ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி. மறைந்திருந்தது. நோய் எதிர்ப்பைத் தூண்டும் இன்டர்ஃபெரான் மருந்தும் சேர்த்தவர்களில் 23 சதவீதம். அப்படி மறைந்தவர்கள், ஆரம்பத்திலேயே ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி. அளவு 1,000 யூனிட்டுக்குக் கீழே இருந்தவர்கள்.

ஆகவே அடுத்த முறை லேபில் வெறும் பாசிட்டிவ், நெகட்டிவ் என்று நிற்காமல், ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி.யின் அளவையும் எடுக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். அப்புறம், நீங்களும் பிள்ளைகளும் பரிசோதித்துத் தடுப்பூசி போட்டாயிற்றா? கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லையே.