பொண்ணு டென்டல் வேணாம், பல் என்சைம் ஆராய்ச்சிதான் வேணும்ங்கறா

வணக்கம் மேடம், உங்க மெசேஜ் படிச்சேன். டாக்டர் ஆகவேண்டிய பொண்ணு ஏதோ என்சைம்னு உளறறான்னு எழுதியிருக்கீங்க, உளறல மேடம், பல்லு உருவாகறதுல என்சைமுக்கு என்ன வேலைன்னு அவ கேக்கறது நல்ல கேள்வி.

பல்லோட வெளிப்பூச்சான எனாமல்தான் உடம்புலயே கெட்டியான பொருள், எடையில 96 சதவீதம் கிட்ட தாது. ஆனா உருவாகறப்போ அப்படி இல்ல, அமிலோபிளாஸ்ட்ங்கற செல்லுங்க முதல்ல புரோட்டீனத்தான் கொட்டும், அதுல பெரும்பங்கு அமெலோஜெனின்ங்கற புரோட்டீன், அதுக்கு நடுவுல மெல்லிசா நீளமா தாதுப் படிகம் வளரும். கட்டடம் முடிஞ்சதும் சாரத்த பிரிக்கற மாதிரி அப்புறம் இந்த புரோட்டீன் வெளிய போகணும். இங்கதான் உங்க பொண்ணு சொல்ற என்சைம் வருது, அதாவது புரோட்டீன வெட்டற புரோட்டீன்: எம்எம்பி20ங்கற என்சைம் ஆரம்பத்துலயே வந்து துண்டு போடும், கேஎல்கே4ங்கற இன்னொண்ணு பின்னாடி வந்து மிச்சத்த பொடியாக்கும், அந்த எடத்துல படிகம் தடிச்சுக்கும். கேஎல்கே4 என்சைம உண்டாக்கற ஜீன எடுத்துட்ட சுண்டெலிக்கு எனாமல் தடிமன் சரியாவே வருது, ஆனா புரோட்டீன் உள்ளயே தங்கி, கெட்டியாகாம உடைஞ்சு போகுது. மனுஷங்கள்லயும் இந்த ஜீன்கள்ல கோளாறு இருந்தா பரம்பரையா எனாமல் சரியா முத்தாத பிரச்சனை வருது. பல்லு முளைச்சப்புறம் அந்த செல்லே இருக்காது, அதனாலதான் லேப்ல செயற்கையா எனாமல் வளர்க்க இவ்ளோ பேர் மண்டைய உடைக்கறாங்க.

டென்டல் படிப்புல இது ஓரல் ஹிஸ்டாலஜில, அதாவது வாய் பல்லு திசுக்கள பத்தின பாடத்துல, கொஞ்சம் வந்துட்டு போயிடும், மிச்சமெல்லாம் கைவேலையும் பேஷண்ட்டும்தான். அவளுக்கு பேஷண்ட் பாக்க இஷ்டமே இல்லன்னா அங்க தள்ளாதீங்க, பயோகெமிஸ்ட்ரியோ மாலிக்யூலர் பயாலஜியோ படிச்சு பிஎச்டி போகட்டும். ரெண்டும் பிடிக்கும்னா டென்டல் முடிச்சுட்டும் ஆராய்ச்சிக்கு வரலாம், அந்த வழி மூடல.

ஆனா அவகிட்ட ஒண்ண மறைக்காதீங்க. லேப் வேலைன்னா கேசின்ங்கற பால் புரோட்டீன் கலந்த ஜெல்லுல கரண்ட் வச்சு சாம்பிள ஓட்டி, ராத்திரி பூரா 37 டிகிரில வச்சு, மறுநாள் நீலச்சாயம் ஏத்தி கழுவினா என்சைம் தின்ன எடம் மட்டும் வெளுத்து ஒரு கோடா தெரியும், பல நாள் அந்தக் கோடே வராது, திரும்ப முதல்லருந்து. இதுல எரிச்சல் வருதா ஆர்வம் வருதான்னு அவளுக்கே தெரியணும், மார்க் ஷீட்ட வச்சு நாம சொல்ல முடியாது. நிலையான சம்பளம் வரவும் லேட் ஆகும், அதுவரைக்கும் ஸ்டைபண்ட்தான், உங்களால தாங்க முடியுமான்னு வீட்ல உக்காந்து கணக்கு போடுங்க.

லீவுல ஏதாவது புரோட்டீன் லேப்ல கொஞ்ச நாள் போய் நிக்கட்டும், டீச்சர்கிட்ட சொன்னா யார்கிட்ட கேக்கணும்னு சொல்லுவாங்க. அப்ளிகேஷன் போடறத அதுக்கப்புறம் பேசலாம் மேடம்.