தடுப்புப் பெப்டைடில் இரண்டு பட்டைகளும் மறைந்தால்

வணக்கம். எலி மூளைச் சவ்வு மாதிரியை வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களை எடைவாரியாகப் பிரித்து ஆன்டிபாடியால் கண்டறியும் சோதனை) ஓட்டியபோது, கேவி2.1 என்ற பொட்டாசியம் சேனல் புரதத்துக்கான ஆன்டிபாடி 115, 50 கிலோ டால்டன் அளவுகளில் இரு பட்டைகளைக் காட்டியதாகவும், தடுப்புப் பெப்டைடு (ஆன்டிபாடி பற்றிக்கொள்ளும் சிறு புரதத் துண்டு) சேர்த்ததும் இரண்டும் மறைந்ததால் இரண்டுமே அந்தச் சேனல்தானா என்றும் கேட்டிருந்தீர்கள். அந்த முடிவுக்கு இச்சோதனை போதாது.

உங்கள் ஆன்டிபாடி அதே பெப்டைடைக் கொண்டு தூய்மைப்படுத்தப்பட்டது என்றால், குப்பியிலுள்ள ஏறத்தாழ எல்லா மூலக்கூறுகளும் அதைப் பற்றிக்கொள்ளும். ஆகவே வேறொரு புரதத்தின் மீது தவறாக ஒட்டிய பட்டையும் சேர்ந்தே மறையும். பெப்டைடு சேர்த்தும் மறையாத பட்டை நிச்சயமாகச் சந்தேகத்துக்குரியது, ஆனால் மறைந்த பட்டை உண்மையானது என்பதற்கு அது சான்றாகாது.

115 பட்டையை நான் நம்புவேன். கணக்கிட்ட எடை சுமார் 95 என்றாலும், மூளையில் இச்சேனல் பெருமளவு பாஸ்பேட் ஏற்றப்பட்டிருப்பதால் கூடுதல் எடையுள்ளதுபோல் மேலே ஓடுகிறது. பாஸ்பேட்டை நீக்கும் நொதியான அல்கலைன் பாஸ்பட்டேஸ் இட்டால் அது கீழிறங்க வேண்டும். 50 பட்டை சிதைவுத் துண்டாகவும் இருக்கலாம் என்பதால், புரோட்டியேஸ் (புரதத்தைச் சிதைக்கும் நொதி) தடுப்பான்களுடன் புதிய மாதிரி எடுத்துப் பாருங்கள். தீர்ப்பளிப்பது கேவி2.1 மரபணு நீக்கிய சுண்டெலியின் மூளை மாதிரிதான். அது கிடைக்காவிட்டால், சேனலை வெளிப்படுத்திய, வெளிப்படுத்தாத ஹெக்293 செல்களை (ஆய்வகத்தில் வளர்க்கும் மனிதச் செல்வகை) அருகருகே ஓட்டுங்கள்.

பெப்டைடை மிகையாக ஊற்ற வேண்டியதில்லை. 2 கிலோ டால்டன் பெப்டைடைச் சம எடையில் சேர்த்தாலே, 150 கிலோ டால்டன் ஆன்டிபாடியைவிட மூலக்கூறு எண்ணிக்கையில் 75 மடங்கு பெப்டைடு கிடைத்துவிடுகிறது. ஒப்பீட்டுக்காக, பெப்டைடு இல்லாத ஆன்டிபாடிக் குழாயையும், அமினோ அமில வரிசை கலைத்த பெப்டைடு இட்ட குழாயையும் அதே நீர்ப்பில், அதே நேரம் ஊறவையுங்கள்.